உயிர்ப்படலத்துக்குள் எவ்வளவு ஆழம்?

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லீவன்ஹுக், தம் பற்களிடையே படிந்திருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டி, தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் கீழ் வைத்தபோது அதில் சிற்றுயிர்கள் துள்ளின. அவற்றோடு வினிகரைக் கலந்தார், செத்துப்போயின. அதே வினிகரால் பல்லைக் கழுவிவிட்டுப் பிறகு சுரண்டிப் பார்த்தார். அழுக்கின் உள்ளே இருந்தவை சாகவில்லை. வெளிப்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே வினிகர் கொன்றது, படிவம் முழுவதையும் அது ஊடுருவவில்லை என்று அவர் கண்ட முடிவு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1684-இல் அச்சாயிற்று. பாக்டீரியா என்ற சொல்லே பிறக்காத காலம் அது. ஒரு பொருள் பாக்டீரியாப் படலத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்ற கேள்விக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சோதனைக் குறிப்புகளில் இதுவும் ஒன்று.

பல் காரையில் தொடங்கிய கேள்வி இன்று குடிநீர்க் குழாய், சிறுநீர் வடிகுழாய், கழிவுநீர் நிலையம், நுரையீரல் நோயாளியின் சளி என்று பல இடங்களில் எழுகிறது. பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைக்கூழுக்குள் அடுக்கடுக்காக வாழும் அமைப்பைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். அதன் உள்ளே தண்ணீரும் சர்க்கரையும் ஆக்சிஜனும் மருந்தும் எப்படி, எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன? பாடப்புத்தகம் முதல் பல் மருத்துவரின் சுவரொட்டி வரை நமக்குச் சொல்லித்தரும் படம், கோட்டைச் சுவர். பசை தடுக்கிறது, அதனால் மருந்து போவதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலான அளவீடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தப் படம் நிற்பதில்லை. பசை பெரும்பாலான சிறு மூலக்கூறுகளைக் கொஞ்சம்தான் தாமதப்படுத்துகிறது. ஆழத்தைத் தீர்மானிப்பது வேறொன்று. அது என்ன என்பதைப் பார்க்கவிடாமல் நம் அளவுமுறைகளே பல நேரம் குறுக்கே நிற்கின்றன.

முதலில் அடிப்படைக் கணக்கு. கரைந்த பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, செறிவுச் சரிவின் செங்குத்துக்கு ஏற்ற வேகத்தில் நகரும் என்று 1855-இல் அடால்ஃப் ஃபிக் எழுதினார். அந்த விதியில் வரும் எண்தான் விரவல் குணகம். அதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி, நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது. தண்ணீரில் 25 டிகிரி செல்சியஸில் குளுக்கோசின் விரவல் குணகம் வினாடிக்குச் சுமார் 670 சதுர மைக்ரான். ஒரு பாக்டீரியாவின் அகலமான ஒரு மைக்ரானைக் கடக்க அதற்கு ஒன்றரை மில்லிவினாடி போதும். நூறு மைக்ரானுக்குப் பதினைந்து வினாடி. அசையாத தண்ணீரில் 10 சென்டிமீட்டர் போக ஐந்து மாதத்துக்கும் மேலாகும். கலக்கி விடாமல் இயற்கையில் எந்தப் பெரிய உயிரும் வாழ முடியாததற்கு இதுவே காரணம். மைக்ரான் அளவில் வாழ்பவற்றுக்கு ரத்த ஓட்டம் தேவைப்படாததற்கும் இதுவே காரணம்.

இந்தக் கணக்கை லீவன்ஹுக்கின் வாயில் போட்டுப் பார்க்கலாம். காரை அரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் அசெட்டிக் அமிலம் அடிவரை போய்ச் சேர மூன்றரை நிமிடம் ஆகும். தண்ணீரைவிட நான்கு மடங்கு மெதுவாக நகர்ந்தால் கால் மணி நேரத்தை நெருங்கும். எந்த மனிதர் அவ்வளவு நேரம் வினிகரை வாயில் வைத்திருப்பார்? அடியில் இருந்தவை பிழைத்ததற்கு எந்தச் சுவரும் தேவைப்பட்டிருக்காது, தடிமன் ஒன்றே போதும்.

உயிர்ப்படலத்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். 90 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். எஞ்சியதில் செல்கள், சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. அதனால் சிறு மூலக்கூறு ஒன்று அதற்குள் நகரும் வேகம் தண்ணீரில் நகரும் வேகத்தில் எத்தனை பங்கு என்று விகிதமாகச் சொல்வதே வழக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் போஸ்மன் நகரில் உயிர்ப்படல ஆய்வுக்கென்றே 1990-இல் ஒரு மையம் உருவானது. அங்கு பணிபுரிந்த ஃபிலிப் ஸ்டூவர்ட், அதுவரை வெளியான அளவீடுகளைத் திரட்டி 1998-இலும் 2003-இலும் எழுதிய இரு மதிப்புரைகள்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுபவை. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற லேசான வாயுக்களுக்குச் சராசரி விகிதம் சுமார் 0.6, குளுக்கோஸ் போன்ற பெரும்பாலான கரிமக் கரைபொருள்களுக்குச் சுமார் 0.25. பாதி வேகம், கால் வேகம். இதைத் தடுப்புச்சுவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சராசரிகளுக்குப் பின்னால் இருந்த தனித்தனி எண்கள் பெரிதும் சிதறிக் கிடந்தன. ஒரே பொருளுக்கு ஒருவர் தண்ணீரில் உள்ள வேகத்தையே கண்டார், இன்னொருவர் அதில் பத்தில் ஒரு பங்கைக் கண்டார். படலங்கள் வேறுவேறு என்பது ஒரு காரணம். அளந்தவர்கள் எல்லோரும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டில் இதுவே பெரியது என்பது என் எண்ணம்.

பெயர்க் குழப்பத்தைச் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடலாம். படலத்தின் ஊடாக வினாடிக்கு எவ்வளவு பொருள் கடந்துபோகிறது என்பது ஒரு கேள்வி. ஒரு பொருள் உள்ளே நுழைந்து நிறைய எவ்வளவு நேரமாகிறது என்பது வேறு கேள்வி. படலத்தில் பாதி இடத்தைச் செல்கள் அடைத்திருந்து, அந்தப் பொருள் செல்லுக்குள் போகாதது என்றால், இரண்டுக்கும் விடையாக வரும் எண்கள் இரண்டு மடங்கு வேறுபடும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே அட்டவணையில் சேர்த்த கட்டுரைகள் பல. ஸ்டூவர்ட்டின் 1998 மதிப்புரையின் பெரிய உழைப்பே இவற்றைப் பிரித்து அடுக்கியதுதான்.

முறைகளில் பழையது இரட்டை அறைக் கலம். நடுவில் வடிதாளின் மீது படலத்தை வளர்த்து, ஒரு பக்கம் பொருளை ஊற்றி, மறுபக்கம் அது எப்போது எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். எளிமையானது, மலிவானது. படலத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் முடிவு கெட்டுவிடும். இரு பக்கமும் கண்ணாடியைப் போல மழமழவென்று சீரான தடிமனில் படலம் இருக்கிறது என்று வைத்துத்தான் கணக்கு போட வேண்டும். உண்மைப் படலமோ மேடும் பள்ளமுமாக இருக்கும். எல்லாவற்றையும்விட, பாக்டீரியா உயிரோடு இருந்தால் ஊற்றிய குளுக்கோசைத் தின்றுவிடும். மறுபக்கம் குறைவாக வந்தது மெதுவாக நகர்ந்ததாலா, வழியில் தீர்ந்ததாலா? இதைத் தவிர்க்கச் சிலர் செல்களை நஞ்சிட்டுக் கொன்றுவிட்டு அளந்தார்கள். செத்த செல்லின் சவ்வு உயிருள்ள செல்லின் சவ்வைப் போல நடந்துகொள்ளாது. வேறு சிலர் பாக்டீரியா தொடாத புரோமைடு, லித்தியம் போன்றவற்றைப் பயன்படுத்தினார்கள். அதில் கிடைத்த விடை புரோமைடைப் பற்றியது. குளுக்கோசைப் பற்றி ஊகிக்கத்தான் முடியும்.

இந்தத் துறையை மாற்றியது நுண்மின்முனை. கண்ணாடிக் குழலை உருக்கி இழுத்து, நுனியைச் சில மைக்ரான் அகலத்துக்குக் கூராக்கி, அதற்குள் ஆக்சிஜனை உணரும் மின்முனையை வைப்பது. பங்கேயும் அவரது சகாக்களும் 1969-இலேயே நுண்ணுயிர்ப் பசைக்குள் இப்படி ஒரு முனையை இறக்கி ஆக்சிஜனை அளந்தார்கள். 1980-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக்கும் துணைவர்களும் கடலடிச் சேற்றில் ஆக்சிஜன் எப்படிக் குறைகிறது என்று நுண்மின்முனையால் காட்டினார்கள். 1989-இல் ரெவ்ஸ்பெக் அதற்குக் காவல் எதிர்முனை ஒன்றைச் சேர்த்தார். உள்ளிருந்து கசியும் ஆக்சிஜனை அது தின்றுவிடுவதால் அளவு நிலையாக நின்றது.

இதன் அழகு, படலத்தைக் கொல்லாமலே அளக்கலாம் என்பது. தண்ணீரிலிருந்து படலத்துக்குள் முனையைப் பத்துப் பத்து மைக்ரானாக இறக்கினால் ஆக்சிஜனின் செறிவுக்கோடு கிடைக்கும். படலத்தின் மேற்பரப்பில் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்து சேரும் ஆக்சிஜனும் உள்ளே நுழையும் ஆக்சிஜனும் ஒரே அளவாகத்தான் இருக்க முடியும். ஆகவே அந்த இடத்தில் கோட்டின் சரிவு எத்தனை மடங்கு செங்குத்தாகிறதோ அத்தனை மடங்கு விரவல் குறைந்திருக்கிறது. இரண்டு சரிவுகளின் விகிதம், அவ்வளவுதான். வேதியியல் மாணவர் ஒருவர் அளவுகோலும் பென்சிலும் வைத்து வரைதாளில் கண்டுபிடித்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்பதை முனை தானாகச் சொல்லாது. பத்து மைக்ரான் பிசகினால் விகிதம் மாறிவிடும். படலத்துக்கு மேலே ஓடும் நீரிலும் ஓட்டம் அடங்கிய மெல்லிய எல்லை அடுக்கு ஒன்று உண்டு. அதன் தடிமனைக் கணக்கில் எடுக்காதவர்கள் அந்தத் தாமதத்தையும் படலத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். கலத்தில் நீரை எவ்வளவு வேகமாகக் கலக்கினார்கள் என்பதையே எழுதாத பழைய கட்டுரைகளை இப்போது படிக்கும்போது கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

தண்ணீரே எப்படி நகர்கிறது என்ற கேள்விக்கு மின்முனையிடம் பதில் இல்லை. அதற்கு அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு வேண்டும், மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயங்கும் அதே கொள்கை. 1965-இல் ஸ்டெஜ்ஸ்கல், டானர் இருவரும் காட்டிய வழி இது: காந்தப் புலச் சரிவை ஒரு நொடிப்பொழுது கொடுத்து ஒவ்வொரு நீர் மூலக்கூறுக்கும் அதன் இடத்தை அடையாளமாகப் பதிய வேண்டும். சில மில்லிவினாடி கழித்து எதிர்ச் சரிவைக் கொடுத்தால், நகராதவற்றின் அடையாளம் அழிந்து பழைய நிலைக்கு வரும், நகர்ந்தவற்றுடையது வராது. இழந்த சமிக்ஞையிலிருந்து நகர்ந்த தூரம் தெரியும். சாயம் வேண்டாம், ஊசி வேண்டாம், எதையும் கொல்ல வேண்டாம். தண்ணீர் தானாக 20 மில்லிவினாடியில் சுமார் 10 மைக்ரான் நகரும். அதாவது செல்லின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு. அளக்கும் இடைவெளியைச் சுருக்கினால் செல்லுக்குள் அடைபட்ட நீரும் வெளியே திரியும் நீரும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். பியூலிங் குழுவினர் 1998-இல் இந்த முறையை உயிர்ப்படலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2010-இல் ரென்ஸ்லோ, பெயனல் முதலியோர் ஷெவனெல்லா ஒனைடென்சிஸ் என்ற பாக்டீரியாவின் உயிருள்ள படலத்தில், மேலிருந்து கீழே போகப் போக விரவல் குணகம் குறைந்துகொண்டே வருவதை அடுக்கு அடுக்காகக் காட்டினார்கள். படலத்துக்கு ஒரே எண் என்ற பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஒற்றை எண் கணினிக்கு வசதியாக இருக்கிறது.

ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் முறைகளும் உண்டு. ஒரு புள்ளியில் சாயத்தை லேசரால் வெளுத்துவிட்டு, சுற்றிலும் உள்ள சாயம் வந்து அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது ஒன்று. மிகச் சிறிய ஒளிப்புள்ளியைக் கடந்துபோகும் மூலக்கூறுகளின் மினுக்கலை எண்ணுவது இன்னொன்று. பெரிய மூலக்கூறு, வைரஸ், நானோ துகள் ஆகியவற்றுக்கு இவற்றை மிஞ்சிய வழியில்லை. பெரிதாகப் பெரிதாக வேகம் கடுமையாகச் சரிகிறது என்பதையும் இவைதான் தெளிவாகக் காட்டின. குளுக்கோசைப் பற்றி அறிய இவற்றால் பெரிய பயனில்லை. குளுக்கோசில் சாயத்தை ஒட்டினால் பிறகு அது குளுக்கோஸ் இல்லை.

இனி ஆழத்தைத் தீர்மானிப்பது எது என்ற விஷயத்துக்கு வருவோம். ஆக்சிஜன் படலத்துக்குள் குளுக்கோசைவிட ஏழு மடங்கு வேகமாக விரவுகிறது. நூறு மைக்ரான் படலத்தை அது எட்டு வினாடியில் கடக்கும், குளுக்கோசுக்கு ஒரு நிமிடம் ஆகும். அப்படியிருந்தும் பெரும்பாலான படலங்களில் முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன்தான். காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் குளுக்கோஸ் உள்ள நீரை எடுத்துக்கொண்டால், மூலக்கூறு எண்ணிக்கையில் குளுக்கோஸ் இருபது மடங்கு அதிகம். ஒரு குளுக்கோசை முழுமையாக எரிக்க ஆறு ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். வேகம், செறிவு, தேவை மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், படலத்துக்குக் கிடைக்கும் சர்க்கரை அதை எரிக்கக் கிடைக்கும் ஆக்சிஜனைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். வேகமாக ஓடுபவன் கையில் ஒன்றுமில்லாமல் ஓடினால் வீட்டுக்கு என்ன வந்து சேரும்? சூடோமோனஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் 200 மைக்ரானைத் தாண்டிய படலங்களில் ஆக்சிஜன் மேலிருந்து 50 முதல் 90 மைக்ரான் வரைதான் போனது என்று 2003-இல் வால்டர்ஸ் குழுவினர் அளந்தார்கள். புதிய புரதம் உருவானதும் ஏறக்குறைய அந்த மேல்பட்டையில் மட்டுமே. கீழே இருந்தவை சாகவில்லை, மந்தமாகக் கிடந்தன. வளரும் செல்லைக் கொல்லும் மருந்து அவற்றிடம் போய்ச் சேர்ந்தாலும் அதற்குச் செய்ய வேலை குறைவு.

மருந்து உண்மையில் போய்ச் சேர்கிறதா என்பதை 2000-இல் ஆன்டெர்ல், ஃபிராங்க்லின், ஸ்டூவர்ட் மூவரும் சோதித்தார்கள். மருந்து கலந்த அகார் மீது வடிதாள், அதன் மேல் கிளெப்சியெல்லா நிமோனியே படலம், அதற்கு மேல் ஈரமான ஒரு வட்டத்தாள். அந்தத் தாளில் மருந்து ஏறியதா என்று பார்த்தார்கள். சிப்ரோஃப்ளாக்சாசின் ஏறிவிட்டது. ஆம்பிசிலின் ஏறவில்லை. இதோ கோட்டைச் சுவர் என்று அங்கே நிறுத்தியிருக்கலாம், அவர்கள் நிறுத்தவில்லை. ஆம்பிசிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி இல்லாத திரிபை வளர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இப்போது ஆம்பிசிலினும் ஏறியது. முதல் படலத்தில் அதை நிறுத்தியது நொதி, பசை அதற்குத் தடையாக இருக்கவே இல்லை. அதைவிட வியப்பு, மருந்து ஏறிய பிறகும் இரண்டாவது படலத்து பாக்டீரியாக்கள் பெருமளவு தாக்குப்பிடித்தன.

குளோரின் கதையும் இதே மாதிரிதான். 1994-இல் டி பீர், சீனிவாசன், ஸ்டூவர்ட் மூவரும் குளோரினை உணரும் நுண்மின்முனையைப் படலத்துக்குள் இறக்கினார்கள். வெளிநீரில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உள்ளே இருந்தது. குளோரின் சிறிய மூலக்கூறு, விரவலில் குறையில்லை. ஆனால் வழியில் படும் கரிமப் பொருளோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. அவ்வளவு வேகமாக வினைபுரியாத மோனோகுளோரமைன் அதே போன்ற படலத்துக்குள் நூறு மடங்குக்கும் மேல் விரைவாகப் போகிறது என்று 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்மின்முனையால் காட்டினார்கள். ஆழம்வரை போனதால் எல்லாம் செத்தனவா என்றால் அதுவும் இல்லை. குடிநீர்க் குழாய்க்கு எந்தக் கிருமிநாசினி நல்லது என்ற வாதம் இன்னும் ஓயாததற்கு இது ஒரு காரணம்.

நொதி உடைப்பது, வினைபுரிந்து தீர்வது ஆகியவற்றுக்கு அடுத்து, ஒரு பொருள் பாதியில் நிற்கும் மூன்றாவது வழி, ஒட்டிக்கொள்வது. டோப்ராமைசின் என்ற மருந்து நேர்மின்னேற்றம் கொண்டது, பசைக்கூழின் பல கூறுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. 2013-இல் செங், பார்செக் குழுவினர் சாயம் ஒட்டிய டோப்ராமைசினைச் சூடோமோனஸ் படலத்தின் மீது பாய்ச்சியபோது அது ஓரங்களிலேயே சிக்கிக்கொண்டது. சிப்ரோஃப்ளாக்சாசின் தங்குதடையின்றி உள்ளே போனது. ஒட்டும் இடங்கள் நிரம்பியதும் மருந்து மேலும் நகரும். ஆகவே இதுவும் தாமதம்தான். சிகிச்சை குறுகிய நேரமே நடக்கும் இடத்தில் அந்தத் தாமதம் உயிர்காக்கும், பாக்டீரியாவின் உயிரை.

படலம் முழுக்க விரவல் ஒன்றே நடக்கிறது என்ற நினைப்பும் சரியில்லை. டி பீர், ஸ்டூட்லி, லெவாண்டோவ்ஸ்கி முதலியோர் 1994-இல் கொத்துக்கொத்தான செல் கூட்டங்களுக்கு நடுவே நீர் ஓடும் வழிகளைக் கண்டார்கள். அந்த வழிகளுக்குள் இருந்த ஆக்சிஜன், செல்கள் பயன்படுத்திய மொத்தத்தில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்தது. அகார் மீது வளரும் பேசில்லஸ் சப்டிலிஸ் கூட்டங்களின் சுருக்கங்களுக்கு அடியில் கால்வாய்கள் ஓடுவதையும், மேலே நீர் ஆவியாவதால் உள்ளே திரவம் இழுபடுவதையும் 2013-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இங்கே ஃபிக்கின் விதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

அப்படியானால் அந்த 0.25 எவ்வளவு நம்பத்தக்கது? ஊடுருவ முடியாத உருண்டைகள் நிறைந்த ஊடகத்தில் கடத்தல் எவ்வளவு குறையும் என்று மாக்ஸ்வெல் 1873-இல் ஒரு சூத்திரம் தந்தார். செல்கள் முப்பது சதவீத இடத்தை அடைத்து, குளுக்கோசை உள்ளே விடாதவை என்று வைத்தால் விகிதம் 0.6 வரும். 0.25 வர வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு இடம் செல்லாகவே இருக்க வேண்டும், அல்லது பசையின் இழைகள் நிறையத் தடுக்க வேண்டும். அவ்வளவு நெருக்கமான படலங்கள் உண்டு. ஆனால் சராசரியே அதுதான் என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 2021-இல் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வான் டென் பெர்க், வான் லூஸ்ட்ரெக்ட், டி கிரூக் மூவரும் வழக்கமான ஆறு அளவுமுறைகளைக் கணினியில் பாவனை செய்து பார்த்தார்கள். எல்லாமே துல்லியம் குறைந்தவை. எல்லை அடுக்கு, மேடுபள்ளம், ஒட்டுதல் போன்ற கவனிக்காத காரணிகள் சேர்ந்தால் விடை பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக வருகிறது. படலத்துக்குள் விரவல் குணகத்தைத் துல்லியமாக அளக்கவே முடியாது என்று எழுதிவிட்டு, அவ்வளவு துல்லியம் பல வேலைகளுக்குத் தேவையும் இல்லை என்று சேர்த்தார்கள். கழிவுநீர் வடிவமைப்பாளருக்கு இது சரி. ஆக்சிஜன் நுழையும் ஆழம் குணகத்தின் வர்க்கமூலத்தோடுதான் மாறுகிறது. எண் நாற்பது சதவீதம் பிசகினால் ஆழம் இருபது சதவீதமளவே பிசகும். மருந்தின் அளவைத் தீர்மானிப்பவருக்கும் இதே சமாதானம் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஏனென்றால் அங்கே ஒட்டுதலும் வினையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

இதுவரை எல்லோரும் கேட்டது ஒரு பொருள் உள்ளே எப்படி வருகிறது என்று. கால்டெக்கில் டயான் நியூமனின் ஆய்வகம் 2020-இல் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் உள்ள சூடோமோனஸ் செல்கள், தங்கள் எலக்ட்ரான்களை மேலே அனுப்பப் பயோசயானின் என்ற நீலப்பச்சை நிறமியைச் சுரக்கின்றன. அது சிறிய மூலக்கூறு. விரவலின் விதிப்படி வெளிநீருக்குள் ஓடி மறைந்துவிட வேண்டும். ஆய்வாளர்கள் படலத்தை மின்முனைகள் மீது வளர்த்து, எலக்ட்ரான் நகரும் வேகத்தையும் பயோசயானின் படலத்தை விட்டு வெளியேறும் வேகத்தையும் தனித்தனியாக அளந்தார்கள். எலக்ட்ரான் வேகமாகப் போனது, நிறமியோ மெதுவாகத்தான் கசிந்தது. செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ. அதைப் பிடித்து வைத்திருந்தது.